நாலு ரோட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு: ஜன்னல் பாடம் மட்டும் ஏழு நாள்

எனக்கு 53 வயது. சேலம் பனங்காட்டில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். பற்றவைப்பதும் மெருகு போடுவதும் வீட்டுக்காரரும் ஆட்களும் பார்த்துக்கொள்வார்கள். எடைக் கணக்கும் பில்லும் என் பாடு. இருபது வருடத்துக்கு மேல் நீள நோட்டிலேயே ஓட்டியாயிற்று. 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு ஆடிட்டர் ஆபீசில் "எக்செல்லில் அனுப்புங்க" என்று ஆரம்பித்தார்கள். வெளியூர்க் கடைக்காரர்கள் டிசைனை மெயிலில் அனுப்புகிறார்கள். ஃபோனில் திறந்தால் கொலுசுக் கண்ணி கடுகு மாதிரி தெரிகிறது. சரி, ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிடுவோம் என்று வாங்கினோம். வாங்குவது சுலபமாகத்தான் இருந்தது.

இப்போது எழுதுவது நாலு ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் இருபது நாள் அடிப்படை வகுப்பைப் பற்றி. பெயரைப் போடவில்லை. பாடம் எடுக்கும் பிள்ளையிடம் "எழுதட்டுமா கண்ணு?" என்று கேட்டேன். "எழுதுங்கம்மா, பேரு மட்டும் வேண்டாம். ஆறு சிஸ்டம்தான் இருக்கு, கூட்டம் வந்தா எங்க உட்கார வைக்கிறது?" என்றது. பெயர் இல்லாத விமர்சனம் எதற்கு என்று கேட்பீர்கள். அங்கே எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரிந்தால், உங்கள் தெருவில் ஒரு வகுப்பில் பணம் கட்டும் முன் என்ன கேட்பது என்று தெரியும். நான் கேட்காமல் கட்டி ஒரு முறை ஏமாந்தவள்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் வந்த அன்று அண்ணன் மகன் வந்து எல்லாம் மாட்டிக் கொடுத்தான். இன்ஜினியரிங் படித்தவன், தங்கமான பையன், ஆனால் மவுஸை விடமாட்டான். அவன் கையில் அது இருக்கும், திரையில் படம் பறக்கும். "இங்க கிளிக், அப்புறம் இங்க, அவ்வளவுதான் அத்தை." நான் தலையாட்டுவேன். அவன் பைக் தெருமுனை திரும்புவதற்குள் எல்லாம் மறந்திருக்கும்.

அவன் போன பிறகு எக்செல்லைத் திறந்து அன்றைய எடைக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். மேலே வலது மூலையில் ஒரு சின்னக் கோடு இருக்கிறது பாருங்கள், அதில் கை பட்டுவிட்டது. எழுதியது மொத்தமும் காணோம். போச்சு என்று நினைத்து மறுபடி திறந்தேன், மறுபடி எழுதினேன். இரண்டு நாள் இப்படியே. மெஷினை அணைக்கவும் இல்லை. மூன்றாம் நாள் அது மாட்டு வண்டி மாதிரி நகர்ந்தது. பையனைக் கூப்பிட்டேன். கீழே பச்சை ஐகான் மேல் மவுஸைக் கொண்டுபோய் வைத்தான். புக்1, புக்2 என்று புக்11 வரை வரிசையாக எட்டிப்பார்த்தன. பதினொன்றிலும் அதே கணக்கு, பாதி பாதியாக. ஒன்றும் போகவில்லை, எல்லாம் கீழேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. அவன் சிரித்த சிரிப்பில் பட்டறை ஆட்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

அந்த வேகத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். இது வேறு இடம். 4,500 ரூபாய். மூன்றாம் நாளே டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்துவிட்டார்கள். எனக்கு டெபிட், கிரெடிட் தெரியும், அதில் குறையில்லை. திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும் பெட்டிகளில் எது எதற்கு என்றுதான் தெரியவில்லை. கேட்டால் அந்தத் தம்பியும் வந்து மவுஸைப் பிடுங்கிக்கொள்வார். எட்டு நாளில் நின்றுவிட்டேன். பணம் போனது போனதுதான்.

நாலு ரோட்டு வகுப்பைச் சொன்னது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா. (மகளிருக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாததால் போக்குவரத்துச் செலவு பூஜ்யம். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.) கட்டணம் 2,000. தினம் ஒரு மணி நேரம், காலை 11 முதல் 12. சேர்வதற்கு முன் என்னென்ன பாடம் என்று கேட்டேன். "முதல் ஏழு நாள் விண்டோ மட்டும்தாம்மா" என்றது அந்தப் பிள்ளை. ஏழு நாளா என்று எனக்கே தோன்றியது. இப்போது கேட்டால் பத்து நாள் வைத்தாலும் தகும் என்பேன்.

எங்கள் தொகுதியில் நாலு பேர். ஜவ்வரிசி ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குக் காத்திருக்கும் ஒரு பெண். ஏற்காட்டிலிருந்து ஓர் அக்கா, காபியும் மிளகும் உள்ள தோட்டத்தில் ஸ்டோர் பார்க்கிறார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, முதல் பத்து நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரால் வாரத்தில் மூன்று நாள்தான் வர முடியும் என்றதற்கு, விட்ட பாடத்தை வந்த நாளில் முடித்துக் கொடுத்தார்கள். கூடுதல் பணம் கேட்கவில்லை.

முதல் நாள் பாடமே பெயர்க் குழப்பத்தில் போனது. "டெஸ்க்டாப்புக்குப் போங்க" என்றது பிள்ளை. நான் குனிந்து மேசைக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தேன். கடையில் அந்த மெஷினைத்தானே டெஸ்க்டாப் என்று விற்றார்கள்! இங்கே டெஸ்க்டாப் என்றால் எதுவும் திறக்காமல் இருக்கும்போது தெரியும் வெறும் திரை, மேசையின் மேல்பரப்பு மாதிரி. விண்டோஸ் என்றால் கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள். விண்டோ என்றால் அதில் திறக்கும் ஒவ்வொரு பெட்டியும். தமிழில் போட்டுக்கொண்டால் அதற்குச் சாளரம் என்று காட்டுமாம். ஜன்னல் என்று சொன்னாலும் எனக்கு ஒட்டவில்லை. எங்கள் வீட்டு ஜன்னலை யாரும் தூக்கிக்கொண்டு போய் வேறு சுவரில் வைத்ததில்லை. இது நகர்கிறது, சுருங்குகிறது, ஒளிந்துகொள்கிறது. எனக்குச் சரியான உவமை மூன்றாம் நாள்தான் கிடைத்தது, வருகிறேன்.

இந்த வகுப்பில் நான் நூற்றுக்கு நூறு கொடுப்பது ஒரு விஷயத்துக்கு. அந்தப் பிள்ளை எங்கள் மவுஸைத் தொடவே தொடாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும். நாம் தப்பாகப் போனால் "இன்னும் கொஞ்சம் மேலம்மா, வலது பக்கம், அங்கதான்" என்று வாயால் மட்டும் ஓட்டும். ஒரு முறை நான் பத்து நிமிடம் தடுமாறினேன். எனக்கே எரிச்சல் வந்து "நீயே ஒரு தடவை போட்டுக் காட்டு கண்ணு" என்றேன். "நான் போட்டா எனக்குத்தாம்மா வரும்" என்றது.

எனக்கு டபுள் கிளிக் வராது. இடுக்கி பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போன கை. இரண்டு தட்டுக்கும் நடுவில் மூச்சு விடும் நேரம் ஆகிவிடும். கம்ப்யூட்டர் அதை இரண்டு தனித்தனி தட்டாக எடுத்துக்கொள்ளும். முந்தைய இடத்தில் "வேகமா, வேகமா" என்று விரட்டினார்கள். இங்கே மவுஸ் அமைப்புக்குள் போய் டபுள் கிளிக் வேகத்தைக் குறைக்க வைத்தார்கள். அங்கே இழுத்து நகர்த்தும் பட்டை ஒன்று இருக்கிறது. மெதுவான பக்கம் தள்ளினால் போதும். அதுவும் வராவிட்டால், ஒரு முறை தட்டி ஐகானைத் தேர்ந்தெடுத்து எண்டர் அடித்தால் திறந்துவிடும். இந்த ஒரு வரியை யாராவது ஆறு மாதம் முன்பு சொல்லியிருந்தால் என் ரத்த அழுத்தம் குறைந்திருக்கும். ஏற்காட்டு அக்கா இடது கைக்காரர். அவருக்கு மவுஸின் இரண்டு பட்டனையும் மாற்றிப் போட்டுக் கொடுத்தார்கள். இப்படி ஒரு வசதி இருப்பதே எங்கள் நாலு பேருக்கும் தெரியாது.

மவுஸால் ஒன்றைப் பிடித்து இழுத்து இன்னோர் இடத்தில் விடப் பழகுவதற்குச் சீட்டாட்டம். 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-இல் சேர்ந்ததாம் இது. சீட்டைப் பிடித்து இழுக்கத் தெரிந்தால் எதையும் இழுக்கலாம் என்றது பிள்ளை. எங்கள் மாமனார் உயிரோடு இருந்து, நான் பகல் 11 மணிக்குச் சீட்டு விளையாடுவதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ஆலைப் பெரியவர் மட்டும் அதில் குஷியாகி, ஒட்டுமொத்த வகுப்பையும் அதிலேயே கழிக்கப் பார்த்தார்.

மூன்றாம் நாள் அந்த மூன்று பட்டன்கள். எந்த விண்டோவைத் திறந்தாலும் மேலே வலது மூலையில் இருப்பவை: கோடு, சதுரம், பெருக்கல் குறி. எனக்குப் பதினோரு கணக்கு எழுத வைத்த மூலை. பிள்ளை ஒரு பக்திப் பாட்டு வீடியோவை ஓடவிட்டது. பிறகு என்னைக் கோட்டை அழுத்தச் சொன்னது. விண்டோ மறைந்தது. பாட்டு நிற்கவில்லை.

"பாட்டு நின்னுச்சாம்மா?"

"இல்லையே."

"அப்ப அது எங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை. திரையின் அடியில் ஓடும் பட்டையில், அதாவது டாஸ்க்பாரில், அதன் ஐகான் அடியில் ஒரு சின்னக் கோட்டோடு இருந்தது. அந்தக் கோடு இருந்தால் அது திறந்து இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தட்டினால் விண்டோ எழுந்து வருகிறது, விட்ட இடத்திலேயே. அப்புறம் பெருக்கல் குறியை அழுத்தச் சொன்னது. பாட்டு பட்டென்று நின்றது. அறையே அமைதியானது.

அந்த நிமிடம் எனக்குப் பட்டறைத் தட்டு ஞாபகம் வந்தது. காலையில் ஒவ்வோர் ஆளுக்கும் வெள்ளியை எடை போட்டுத் தட்டில் கொடுப்போம். மதியம் சாப்பிடப் போகும்போது அவர் தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போவார். வேலை முடியவில்லை; வந்து துணியை எடுத்தால் கண்ணி கண்ணியாக விட்ட இடத்தில் இருக்கும். அதுதான் கோடு. சாயங்காலம் தட்டை எடை போட்டு, நோட்டில் எழுதி, என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கை கழுவுவார். அதுதான் பெருக்கல் குறி. எடை போடாமல் தட்டை எடுத்து உள்ளே வைக்க எந்தப் பட்டறையிலும் விடமாட்டார்கள். கம்ப்யூட்டரும் விடுவதில்லை: எழுதியதைச் சேமிக்காமல் மூடப் போனால் "சேவ் பண்ணட்டுமா?" என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். இதைச் சொன்னதும் பிள்ளை தன் நோட்டில் எழுதிக்கொண்டது. அடுத்த தொகுதிக்குச் சொல்லுமாம்.

அந்தக் கேள்விப் பெட்டி வந்தால் எனக்கு முன்பெல்லாம் கை நடுங்கும். அதற்காகவே அரை மணி நேரம் செலவழித்தார்கள். நோட்பேடு என்ற எழுதும் மென்பொருளில் பெயரை எழுத வேண்டும், மூட வேண்டும், பெட்டி வரும். முதல் முறை சேவ், இரண்டாம் முறை சேவ் வேண்டாம், மூன்றாம் முறை கேன்சல். எது என்ன செய்கிறது என்று நாமே பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேன்சல். அது மூடவே மூடாது, எழுதிய இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும். "எது கேட்டாலும் ஓகே அழுத்திடாதீங்க, படிச்சுட்டு அழுத்துங்க" என்று பிள்ளை சொன்னதைக் கூடவே சொல்லிவிடுகிறேன்.

நடுவில் இருக்கும் சதுரம் எனக்குச் சுலபமாக வந்தது. ஒரு தட்டு தட்டினால் விண்டோ திரை முழுக்க விரியும்; சதுரம் இரண்டு சதுரமாக மாறும்; மறுபடி தட்டினால் பழைய அளவுக்கு வரும். மேல் பட்டையில் டபுள் கிளிக் செய்தாலும் அதே வேலை. ஆனால் அளவைக் கூட்டிக் குறைக்கும் பாடத்தில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன். விண்டோவின் ஓரத்துக்கு மவுஸைக் கொண்டுபோனால் அம்புக்குறி இரண்டு பக்கமும் முனை உள்ளதாக மாறும், அப்போது பிடித்து இழுக்க வேண்டும். எனக்கு மாறவே இல்லை. ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் விண்டோ முழுத்திரையில் விரிந்து கிடக்கிறது. அதற்கு ஏது ஓரம்? முதலில் சதுரத்தைத் தட்டிச் சின்னதாக்க வேண்டும், அப்புறம்தான் ஓரம். மூலையைப் பிடித்து இழுத்தால் அகலமும் உயரமும் ஒரே இழுப்பில் மாறும்.

ஆலைப் பெரியவர் கதை இன்னும் நன்றாக இருக்கும். விசைப்பலகையைப் பார்த்தே தட்டுபவர், தலையைத் தூக்கமாட்டார். தன் முழு முகவரியையும் தட்டிவிட்டு நிமிர்ந்தால் நோட்பேடு காலியாக இருக்கிறது. பின்னால் திறந்திருந்த வேறொரு விண்டோவில் "சூரமங்கலம்" வரைக்கும் போய் உட்கார்ந்திருந்தது. திரையில் பத்து விண்டோ இருந்தாலும் நாம் தட்டுவது ஒன்றில்தான் போய் விழும், கடைசியாக எதைக் கிளிக் செய்தோமோ அதில். ஆகவே தட்டும் முன் ஒரு கிளிக். "பேசறதுக்கு முன்னாடி ஆளைப் பார்த்துப் பேசணும்னு சொல்றீங்க, சரிதான்" என்று அவரே சிரித்தார்.

ஐந்தாம் நாள் மாதாந்திர பராமரிப்பு, கரண்ட் இல்லை. யுபிஎஸ் பத்து நிமிடம் பீப் பீப் என்று கத்திவிட்டு அடங்கியது. வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பார்த்தால், பிள்ளை உட்கார வைத்துக் கதை சொன்னது. மவுஸை முதலில் செய்தபோது அது மரப்பெட்டியாம். அதைச் செய்வித்த எங்கல்பார்ட் என்பவர் 1968-இல் அமெரிக்காவில் ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னும் ஓட்டிக் காட்டினாராம். 1985-இல் வந்த முதல் விண்டோஸில் விண்டோக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதாம், தரையில் ஓடு பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்குமாம். 1987-இல் வந்த அடுத்த பதிப்பில்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறியது. எங்கள் தலைவலி எப்போது பிறந்தது என்று அன்றுதான் தெரிந்தது. ஸ்டார்ட் பட்டனும் டாஸ்க்பாரும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியும் விண்டோஸ் 95-இல், 1995 ஆகஸ்டில் வந்தவை. நான் கல்யாணமாகிப் பட்டறைக்கு வந்ததும் அந்த வருடம்தான். முப்பது வருடமாக அந்தக் குறி அதே மூலையில் நிற்கிறது, நானும்தான்.

ஆறாம் நாள் பாடத்துக்காகத்தான் நான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு விண்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது.

என் வேலை இப்படி: கடைக்காரர் மெயிலில் 10 இன்ச் ஜோடி 12, 10.5 இன்ச் ஜோடி 8, ஜோடிக்கு இத்தனை கிராம், இன்ன டிசைன் என்று எழுதியிருப்பார். அதைப் பார்த்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். முன்பு மெயிலைத் திறந்து மனப்பாடம் செய்துகொள்வேன், எக்செல்லுக்கு வருவேன், பாதியில் மறப்பேன், மறுபடி மெயிலுக்குப் போவேன். ஒரு நாள் பொறுக்காமல் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். எதிரே கம்ப்யூட்டர், கையில் பேனா!

இங்கே கற்றுக்கொடுத்தது: விசைப்பலகையில் நாலு கட்டம் போட்ட விண்டோஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு இடது அம்புக்குறி. விண்டோ திரையின் இடது பாதியில் போய்ப் பச்சென்று ஒட்டிக்கொள்கிறது. வலது பாதியில் மற்ற விண்டோக்கள் சின்னச் சின்னப் படமாக வரும். வேண்டியதைத் தட்டினால் அது வலது பாதியை நிரப்பிவிடும். மவுஸால் செய்வதென்றால் மேல் பட்டையைப் பிடித்துத் திரையின் ஓரத்தில் இடிக்கிற மாதிரி கொண்டுபோய் விட வேண்டும். நடுக்கோட்டைப் பிடித்து இழுத்தால் ஒன்று அகலமாகும்போது இன்னொன்று தானாக ஒடுங்கிக் கொடுக்கும். இப்படிப் பாதித் திரையில் ஒட்டிக்கொள்வது மட்டும் 2009-இல் வந்த விண்டோஸ் 7-இலிருந்தே உள்ள வசதியாம். மெயில் இடது பக்கம், கணக்கு வலது பக்கம். அன்று சாயங்காலம் வீட்டில் அப்படி வைத்துப் பழைய ஆர்டர் ஒன்றைச் சரிபார்த்தேன். 10.5 இன்ச் 8 ஜோடி என்பதை நான் 10 இன்ச்சில் சேர்த்து எழுதியிருந்தேன். நல்லவேளை, அதற்கு வெள்ளிக் கம்பி இன்னும் இழுக்கவில்லை.

ஏழாம் நாள் குறுக்கு வழிகள். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு டேப் தட்டினால் திறந்திருக்கும் விண்டோ எல்லாம் வரிசையில் நிற்கும். விண்டோஸ் பட்டனோடு டி சேர்த்தால் எல்லாம் மறைந்து வெறும் மேசை. மறுபடி அழுத்தினால் எல்லாம் திரும்ப வரும். விருந்தாளி திடீரென்று வந்தால் இது உதவும் என்று ப்ளஸ் டூ பெண் சொன்னாள்; எதற்கு என்று நான் கேட்கவில்லை. விண்டோவைக் கீழே இழுத்துக்கொண்டே போய் மேல் பட்டை மட்டும் அடியில் துண்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், விண்டோஸ் பட்டனும் மேல் அம்புக்குறியும் அழுத்தினால் முழுத்திரைக்கு வந்துவிடும். ஏற்காட்டு அக்கா இதற்காகவே ஒரு நாள் பஸ் ஏறி வந்தார்.

மீதிப் பதின்மூன்று நாளை வேகமாகச் சொல்கிறேன். ஃபைல், ஃபோல்டர், வேர்டு, எக்செல், மெயில், பிரிண்ட். எல்லாம் சுமார் ரகம். எக்செல் இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாம். ஆனால் ஜன்னல் பாடம் உள்ளே இறங்கியிருந்ததால் எந்த மென்பொருளைத் திறந்தாலும் மூலை அதே மூலை, பட்டை அதே பட்டை. பயம் விட்டுப்போயிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். கழிப்பறை கீழ்த்தளத்தில், சாவி எதிர்க் கடையில். நாலாவது சிஸ்டத்தின் மவுஸ் சக்கரம் உருளாது, அதில் உட்காராதீர்கள்; நான் மூன்று நாள் ஓரப்பட்டையைப் பிடித்து இழுத்தே ஓட்டினேன். (அதனால் ஓரப்பட்டை நன்றாக வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.) சித்திரை வெயிலில் மேலே தகர ஷெட் பக்கத்து அறை, இரண்டு ஃபேன். கொடுத்த குறிப்பு மூன்று பக்கமும் இங்கிலீஷ். தமிழ் தட்டச்சு ஒரே ஒரு நாள். அதுவும் ஃபோனில் அடிப்பது போல இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிற முறை மட்டும். தமிழ் எழுத்திலேயே அடிக்கும் தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸ் பாரும் அழுத்தித் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மாறிக்கொள்ளலாம். இதை நான் வீட்டில் தனியாகப் பழகினேன். சேலத்தில் உட்கார்ந்து தமிழுக்கு ஒரு நாள் என்பது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

பெரிய குறை ஒன்று. அங்கே உள்ள மெஷின்களில் விண்டோஸ் 10 தான். அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டார்கள். பழகுவதற்குப் பரவாயில்லை, அந்த மெஷினில் பேங்க் கணக்கைத் திறக்காதீர்கள். பிள்ளையே முதல் நாள் இதைச் சொல்லிவிட்டது, அந்த நேர்மைக்கு ஒரு மதிப்பெண். பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொன்னது: விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெல் ப்ராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல் இருக்க வேண்டும். விற்பவர் "ஐ5 சார், பறக்கும்" என்பார். எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் எனக்கு இருப்பது விண்டோஸ் 11. அதில் ஸ்டார்ட் பட்டன் நடுவில் நிற்கிறது. வகுப்பில் இடது மூலை. முதல் வாரம் தினமும் மூலையில் தேடினேன். டாஸ்க்பார் அமைப்பில் இடது பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், மாற்றிவிட்டேன். எழுத்தின் அளவையும் பெரிதாக்கிக்கொண்டேன். கண்ணாடி போட்டும் தெரியாத எழுத்தோடு மல்லுக்கட்டுவதில் என்ன பெருமை?

யாருக்கு இந்த வகுப்பு? ஃபோனில் எல்லாம் பார்க்கத் தெரிந்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் கை உறைந்துபோகிறவர்களுக்கு. ஏற்கெனவே ஓரளவு தெரிந்த பிள்ளைகளுக்கு முதல் வாரம் கொட்டாவி வரும். ப்ளஸ் டூ பெண்ணுக்கு வந்தது. பணம் கட்டும் முன் எந்த இடத்திலும் இரண்டே கேள்வி கேளுங்கள்: விண்டோவுக்கு எத்தனை நாள்? மவுஸ் யார் கையில் இருக்கும்? போகிற நாளில் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள், இரண்டாவது கேள்விக்குப் பதில் தானாகத் தெரிந்துவிடும். வகுப்பு முடிந்து இறங்கினால் கொஞ்ச தூரத்தில் தட்டுவடை செட் வண்டி நிற்கும், காரச் சட்னி தூக்கலாக. வகுப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனால் நான் இருபது நாளும் தவறாமல் வந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் வந்திருந்தான். நான் ஒரு பக்கம் மெயில், ஒரு பக்கம் கணக்கு என்று வைத்து ஏற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்தவன், "அத்தை, ரெண்டையும் எப்படி டக்குனு இப்படி வெச்சீங்க? நான் இழுத்து இழுத்துத்தான் வைப்பேன்" என்றான். சொல்லித் தருகிறேன், பக்கத்தில் உட்கார் என்றேன். உட்கார்ந்ததும் கை தானாக மவுஸுக்குப் போனது.

"கையை எடு சாமி" என்றேன். "அது என்கிட்டயே இருக்கட்டும். நீ பாரு."